அட்டையில் இருந்த பெயர்

“மீன் பிடிக்கறவருக்குச் சீக்குன்னா இன்சூரன்ஸ்ல முழுச்செலவும் கெடைக்கும். சம்சாரத்துக்குப் பாதிகூடக் கெடைக்காதுங்க,” என்றான் மீனவர் சங்கத்துக்குப் புதிதாக வேலைக்கு வந்திருந்த கோகுல்நாத்.

மீனவர் அட்டையில் இருந்தது குப்பண்ணனின் பெயர். புற்றுநோய் அவர் மனைவி மருதாத்தாளுக்கு.

“அக்கா, நீங்களும் டேமுல வலை போடறதுண்டுன்னா சொல்லுங்க. உங்க பேருக்கே கார்டு எடுத்தரலாம்.”

மருதாத்தாள் கணவனைப் பார்த்தாள். துணைக்கு வந்திருந்த சம்பந்தியையும் பார்த்தாள். காய்த்துப்போன விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

“எனக்குத் தண்ணின்னாலே பயமுங்க.”

“பொம்பளைங்க எங்கீங்க பரிசல் போடறது!” என்று சம்பந்தி சிரித்தார்.

தண்ணீரைக் கண்டால் நடுங்குகிறவர் குப்பண்ணன்தான். பதினைந்து வருடமாக அவள் பிடித்து வந்த மீனைக் கரையில் நின்று விற்றவர், சம்பந்தியோடு சேர்ந்து தானும் சிரித்தார்.

சிரித்த பிறகு, மருதாத்தாளின் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.