மாலைக்கு மாறிய பயிற்சி

கல்லூரியின் விடியற்காலை ஓட்டப் பயிற்சியால் சாருலதாவுக்குத் தூக்கமே போதவில்லை. வகுப்பில் தூங்கி விழுந்தாள். மைதானத்தில் உடன் ஓடும் தமிழ்நிலாவிடம் தொடர்ந்து தோற்றாள். பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண்ணான தமிழ்நிலாவுக்கு அந்த நேரம் பழக்கமானதுதான்.

திடீரென்று பயிற்சி மாலைக்கு மாறியது. சாருலதா நிம்மதியாகத் தூங்கினாள். தேர்வு ஓட்டத்தில் தமிழ்நிலாவை முந்தி, கல்லூரி அணியில் இருந்த ஒரே இடத்தைப் பிடித்தாள்.

"நேரத்தை மாத்தினதுக்கு ரொம்ப நன்றி சார்" என்றாள் பயிற்சியாளரிடம்.

"எனக்கு எதுக்கும்மா? தமிழ்நிலாதான் விடாம கேட்டா."

சாருலதா பதறிப்போய் அவளிடம் ஓடினாள். "ஏன்டி இப்படிப் பண்ணே? உன் இடம் போச்சே!"

ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்த தமிழ்நிலா நிமிர்ந்தாள். அழுதிருந்தது தெரிந்தது.

"தூங்கி வழியிற உன்னை ஜெயிச்சா எனக்கு இன்னா பெருமை கீது? அடுத்த வருஷமும் நல்லா தூங்கிட்டு வா, பாக்கலாம்."