ஆதாரம் இல்லாத ஆகையால்

மாமனாருக்குக் கண் தெரியாது என்ற தைரியத்தில்தான் பாமா அந்த நாலாம் பக்கத்தைப் படிக்காமல் புரட்டினாள்.

சீனிவாசராகவனுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மைசூர் சர்க்காரில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிடையரானவர். பார்வை போனாலும் பெங்களூர் மல்லேஸ்வரத்தில் மதிப்புப் போகவில்லை. தமிழ் மன்றத்தின் கட்டுரைப் போட்டிக்கு அவர்தான் நடுவர். புதுச் சட்டம் வந்த சூட்டில், 'வரதட்சணையைச் சட்டம் ஒழிக்குமா?' என்று தலைப்புக் கொடுத்திருந்தார்கள். மருமகள் படிப்பாள், அவர் ஈஸிசேரில் சாய்ந்தபடி மார்க் சொல்வார்.

காலையிலிருந்து கட்டுரைகள் வரிசையாக அடிபட்டுக்கொண்டிருந்தன.

"சிந்து சமவெளியில ஆரம்பிக்கிறானே! இவன் மல்லேஸ்வரம் வந்து சேர்றதுக்குள்ள முகூர்த்தம் தாண்டிடும். முந்தே!"

மேலே படி என்பதை அவர் கன்னடத்தில்தான் சொல்வார். ஆபீஸ் பழக்கம்.

"இவர் வரிக்கு வரி ஆச்சரியக்குறி போட்டிருக்கார், மாமா."

"காரணம் தீர்ந்துபோன இடத்துலதான் அது முளைக்கும். முந்தே!"

இன்னொருவர், பெண்கள் அனுசரித்துப் போனால் எந்தக் கொடுமையும் இராது என்று எழுதியிருந்தார். அதற்கு மட்டும் கிழவர் கேலி எதுவும் செய்யவில்லை. "தள்ளி வை" என்றார்.

பிறகு பதினோராம் எண் கட்டுரை வந்தது. போட்டியில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான்.

"'சட்டம் வாங்கினவரையும் தண்டிக்கும், கொடுத்தவரையும் தண்டிக்கும். அப்படியானால் புகார் சொல்ல யார் வருவார்?'" என்று பாமா படித்தாள்.

கிழவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பேஷ்! எழுதினது பொண்ணுதான். ஆம்பளையா இருந்தா இந்த இடத்துல பொண்களுக்குப் புத்தி சொல்லியிருப்பான். முந்தே, முந்தே!"

மூன்றாம் பக்கம் முடிந்தது. நாலாம் பக்கத்தை பாமா வாய்விட்டுப் படிக்காமல் கண்ணால் மட்டும் ஓட்டினாள்.

'என்னோடு படித்த ஒருத்தி. ஸ்கூட்டர் வரவில்லை என்று புக்ககத்தில் அவளைப் படுத்தினார்கள். ஒரு நாள் காலை மெட்ராஸ் ரயிலில் வந்து இறங்கி, பிறந்த வீட்டு வாசலில் நின்றாள். அப்பா சர்க்காரில் பெரிய மனிதர். அவள் வாயைத் திறப்பதற்குள், "எதுவானாலும் அனுசரிச்சுண்டு போ" என்று சொல்லி, அன்று ராத்திரி ரயிலிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். மறு மாதம் புக்ககத்துக் கிணற்றிலிருந்து அவளை எடுத்தார்கள்.'

பெயர் போடவில்லை. போட வேண்டியதும் இல்லை. ருக்கு. பாமாவின் நாத்தனார். அவள் போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவள் பெயரை எடுப்பதில்லை.

பாமா ஐந்தாம் பக்கத்துக்குப் போனாள்.

"'ஆகையால், சட்டத்துக்கு முன்னால் திறக்க வேண்டியது பிறந்த வீட்டுக் கதவு.'"

"நிறுத்து." கிழவர் கையைத் தூக்கினார். "ஆகையால்னா? எதனால?"

"அவ்வளவுதான் எழுதியிருக்கு, மாமா."

"உதாரணம் ஏதாவது?"

"இல்லை."

"ஒரு பொண்ணைப் பத்திக்கூடவா சொல்லலை?"

"இல்லை, மாமா."

சொன்னபோது, ருக்குவைத் தானும் ஒரு தடவை ரயிலேற்றி அனுப்பிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

"ஆதாரம் இல்லாத ஆகையால்! நன்னா ஏறிண்டு வந்தவ, இப்படித் தொப்புனு விழுந்துட்டாளே. பரிசு கிடையாது. யாரா இருந்தாலும் சரி."

பாமாவுக்கு மூச்சு வந்தது. முதல் பரிசுக் கட்டுரையை ஆண்டு விழா மேடையில் முழுக்கப் படிப்பார்கள். நடுவரும் மேடையில் இருப்பார். மல்லேஸ்வரம் பாதி எதிரே உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து கிழவரைத் தப்பவைத்தாயிற்று.

ஆனால் ருக்குவுக்காக வாயைத் திறந்தவள் இந்த ஒருத்திதான். அவள் வாயையும் பொத்தியாயிற்று.

பென்சிலை எடுத்து, 'முந்தே' என்று அவர் சொல்வதற்காகக் காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை.

"பாமா."

"சொல்லுங்கோ, மாமா."

"காலம் பூரா ஃபைல் பார்த்தவன் நான். எவனாவது நடுவுல ஒரு தாளை உருவியிருந்தா, அடுத்த தாள்லயே எனக்கு இடறும்."

பாமா பதினோராம் எண் கட்டுரையை மூடி மடியில் வைத்துக்கொண்டாள்.

"இவ்வளவு அழகா அடுக்கிண்டு வந்தவ, ஆதாரம் இல்லாம ஆகையால் போட மாட்டா. வெச்சிருக்கா. உன்னாலதான் படிக்க முடியலை." மறுபடி ஈஸிசேரில் சாய்ந்தார். "என் முன்னால படிக்க முடியாத ஆதாரம் இந்த ஆத்துல ஒண்ணுதானே இருக்கு."

பாமா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அழாதே. முதல் பரிசுன்னு எழுது."

"வேண்டாம், மாமா! மேடையில அந்தப் பக்கத்தையும் சேர்த்துப் படிப்பா. ஊர் மொத்தமும் உங்களைத்தான் பார்க்கும். நீங்க அங்கே உட்கார்ந்து கேக்கணும்."

"கேக்கறேன்" என்றார் சீனிவாசராகவன். "ருக்கு சொல்ல வந்தப்போதான் கேக்கலை."