வகுபடாத பத்து இலக்கம்

“தெனம் மத்தியானம் போன் பண்ணிட்டு, எடுத்தா பேசாம கட் பண்றவன் நீதானா? நேத்துதான் வாயத் தொறந்து கடை எங்கன்னு கேட்ட. இன்னா நைனா உன் பிரச்சினை?” பட்டாபிராமில் இருந்த தன் தையல் கடையில் ராஜகுமாரி மெஷினை நிறுத்தினாள்.

“மன்னிச்சுக்கங்க அக்கா,” என்றான் சர்ஃபராஸ். “உங்க நம்பர் முன்னாடி என் மனைவி தஸ்லீம்கிட்ட இருந்தது.”

“எனக்குப் போன மாசம் புது சிம்முல வந்துச்சு. ராசியான நம்பரா? கூட்டினா இன்னா வரும்?”

“ராசி இல்லக்கா. பகா எண். ஒண்ணாலயும் அதாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது. தஸ்லீம் கணக்கு டீச்சர், அவதான் கண்டுபிடிச்சா. என் நம்பர் மூணாலயே வகுபட்டுடும்னு கிண்டல் பண்ணுவா.”

“அதான் உன் ஊட்டுக்காரம்மா திருப்பிக் கேக்குறாங்களா? தர முடியாது நைனா. கேஸ் சிலிண்டரு, பேங்க்கு எல்லாத்துக்கும் இதான் குட்த்துகீறேன்.”

“நம்பர் வேணாம். மத்தியானம் நான் கூப்பிட்டா எடுக்காம இருங்க. அது போதும்.”

“எடுக்கக் கூடாதுன்னா இன்னாத்துக்குக் கூப்புடுற?”

“அந்த நேரம் தஸ்லீம் கிளாஸ்ல இருப்பா. எடுக்க மாட்டா. ரிங் மட்டும் போகும்.” அவன் தரையில் கிடந்த வெட்டுத்துணிகளைப் பார்த்தான். “நீங்க எடுத்தாத்தான் அக்கா, அவ இறந்துட்டான்னு தெரியுது.”

மறுநாள் மத்தியானம் போன் அடித்தது. அது ஓயும்வரை ராஜகுமாரி மெஷினை மிதிக்கவில்லை.