வெள்ளியில் ஒரு கெரோசாங்

“புது வருஷம் பொறக்கப் போற நேரத்துல இதைக் கேக்க உங்களுக்கு நாக்கு கூசலையா, பாபா?”

லியான் இடுக்கியை மேசைமேல் போட்டாள். காலையிலிருந்து சங்கிலிக் கண்ணிகளைக் கோத்துக் கோத்து விரல்கள் மரத்துப் போயிருந்தன. மலாக்காவின் தெங்கெரா தெருவில் கெபாயாச் சட்டை உடுத்தும் பெண்களுக்கெல்லாம் சீனப் புத்தாண்டுப் பண்டிகைக்கு அவள் கையால் செய்த கெரோசாங்தான் வேண்டும். கெபாயாவுக்குப் பொத்தான் கிடையாது. சங்கிலியில் கோத்த அந்த மூன்று ஊசிகள்தான் மானம் காப்பவை.

“கூசினா கேப்பேனா? என் வீட்டுக்காரிக்கு வெள்ளியில ஒண்ணு செய். கல்லு வேண்டாம், முத்து வை,” என்றார் தெருக்கோடி வீட்டு செங் பாபா.

“வெள்ளியும் முத்தும் துக்கத்துக்குப் போடறது. எல்லாரும் நல்லா இருக்கிற வீட்டுக்கு அதை யாராவது முன்கூட்டியே சொல்லி வைப்பாங்களா?” லியான் குரலைத் தாழ்த்தினாள். “ஏன், பீபிக்குக்கு ரொம்ப முடியலையா?”

பீபிக் என்றது பாபாவின் மாமியாரை. தொண்ணூறைத் தாண்டியவள். மழை தொடங்கியதிலிருந்து வெளியே தலை காட்டவில்லை.

“மாமியாரா? வெத்தலைக்குச் சுண்ணாம்பு கூடிப்போச்சுன்னு காலையில என்னைத் திட்டின திட்டு உனக்கு இங்கே கேக்கலையா? ஆனா வயசுன்னு ஒண்ணு இருக்கில்ல, லியான்.”

“அவங்க நம்ம எல்லாரையும் அனுப்பி வச்சுட்டுத்தான் கிளம்புவாங்க.”

பாபா சிரித்தார். சட்டை தோளில் தொளதொளவென்று ஆடியது.

“என்ன இப்படி இளைச்சுட்டீங்க? மாமியார் கைச் சமையல் நின்னதாலயா?”

“நின்னதாலதான் இவ்வளவாவது மிஞ்சியிருக்கேன்.”

லியானும் சிரித்தாள். ஆனால் மறுபடி இடுக்கியை எடுக்கக் கை வரவில்லை. முதுகு கடுத்தது. முடிக்க வேண்டிய தங்க வேலையே மலைபோலக் கிடந்தது. முத்தில் ஊசிமுனை அளவுக்குத் துளை போட வேண்டும். கொஞ்சம் அழுத்தினால் உடைந்துவிடும். அதற்கு வேண்டிய கண்ணும் பொறுமையும் இப்போது அவளிடம் இல்லை.

“பண்டிகை போகட்டும், பாபா. பெரியவங்க உயிரோட இருக்கறப்போ இதைச் செய்ய எனக்கு மனசு வரல. உடம்பும் வரல. உங்க வீட்டுக்காரி போ கியோக்கிட்ட ஒரு வெள்ளி கெரோசாங்கூடவா இல்ல?”

“எல்லாம் தங்கம். வெள்ளி வாங்கணும்னு எத்தனையோ தடவை கேட்டா. வராத துக்கத்துக்கு எதுக்குக் காசைப் போடறேன்னு நான்தான் தடுத்தேன்.”

“அதானே! கீரைக்காரிகிட்ட ஒரு கட்டுக்கு அரை மணி நேரம் பேரம் பேசற ஆளாச்சே.”

“இன்னிக்குப் பேசலையே. நீ கேக்கறதைத் தரேன்.”

லியான் நிமிர்ந்து பார்த்தாள். அவர் மேசையிலிருந்த ஒரு முத்தை எடுத்து உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

“உங்கப்பா செத்த அன்னிக்கு உங்க வீட்டுல நாற்காலி போட்டது நான்தான். உங்கம்மாவை எனக்கு ஞாபகமிருக்கு,” என்றார் மெதுவாக.

லியானுக்கும் ஞாபகமிருந்தது. அவ்வளவு லேசில் மறக்கிற விஷயமா அது? அம்மாவிடம் இருந்ததும் தங்கம்தான். துக்கத்தில் அதை அணியக்கூடாது. கறுப்பு உடுத்தியவர்கள் அடுத்த வீட்டுப் படி ஏறக்கூடாது என்பதால், சின்னப் பெண்ணான லியான் ஒவ்வொரு வாசலிலும் தெருவில் நின்றபடியே குரல் கொடுத்தாள். ‘ஒரு வெள்ளி கெரோசாங் இரவல் தருவீங்களா?’ யாரும் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் அம்மா துணிக்குக் குத்தும் ஊக்குகளைக் கெபாயாவில் குத்திக்கொண்டு சவப்பெட்டியின் பக்கத்தில் நின்றாள். வந்த அத்தைகள் அப்பாவின் முகத்தைப் பார்த்ததைவிட அந்த ஊக்குகளைப் பார்த்ததுதான் அதிகம்.

“என் வீட்டுக்காரி அப்படி நிக்கக்கூடாது, லியான்.”

அதற்குமேல் அவளால் மறுக்க முடியவில்லை.

“சரி. செஞ்சு கொண்டுவந்து தரேன்.”

“வீட்டுக்கு வேண்டாம். அவ கண்ணுல பட்டா அழுது தீர்த்துடுவா. உன்கிட்டயே இருக்கட்டும். வேணுங்கறப்போ ஆள் வரும்.”

தங்க வேலையெல்லாம் முடிந்தபிறகு, பூதக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு அவள் அதைச் செய்தாள். இரண்டு முத்துகள் உடைந்தன. தன்னையே திட்டிக்கொண்டு வேறு எடுத்தாள். பண்டிகை வீட்டில் துக்க நகை கண்ணில் படக்கூடாதென்று, பெட்டியைச் சிவப்புத் தாளில் சுற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். அதைச் செய்தபோதெல்லாம் மனதுக்குள் பீபிக்கிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

பண்டிகைக்கு மூவாரிலுள்ள மகள் வீட்டுக்குப் போனவள், சில நாள் கழித்து ஒரு மதியம் பஸ்ஸில் வந்து இறங்கினாள். கதவைத் திறந்து பையைக் கீழே வைப்பதற்குள் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. திரும்பினாள்.

பூப்போட்ட கெபாயாவும் வாய் நிறைய வெற்றிலையுமாக, கைத்தடியை ஊன்றி நின்றாள் பீபிக்.

அலுப்பெல்லாம் பறந்துவிட்டது லியானுக்கு. “பீபிக்! நடந்தே வந்துட்டீங்களா! உள்ளே வாங்க, உக்காருங்க. உங்க மருமகன் பேச்சைக் கேட்டு நான் என்னென்னமோ பயந்துட்டேன். அவர் பண்ணின காரியம் தெரிஞ்சா அந்தத் தடியாலேயே போடுவீங்க!”

பீபிக் உட்காரவில்லை. வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கையை நீட்டினாள்.

“பெரியவங்க சின்னவங்களுக்குக் கறுப்பு கட்டறதில்லையே, லியான், அதனாலதான் உன் படி ஏற முடிஞ்சுது. அவன் சொல்லி வச்ச பெட்டியைக் குடு. என் பொண்ணு அவன் பக்கத்துல ஊக்கு குத்திக்கிட்டு நிக்கிறா.”