எல்லாரும் வந்திருக்கினம்

கரண்ட் போனது கொடிகாமத்தில், சண்முகநாதனின் வீட்டில். ஆனால் கனடாவில் இருந்த கந்தப்புவும் அதே நொடியில் திரையிலிருந்து மறைந்து போனார்.

கொழும்பில் இருந்த சீவரத்தினமும், சுன்னாகத்தில் இருந்த இராசம்மாவும்கூட.

பருத்தித்துறையில் தன் வீட்டு மேசையில், வாசிப்புக் குழுவின் வீடியோ அழைப்புக்காகப் போனைச் சாத்தி வைத்திருந்த லவீனா திகைத்துப்போனாள். மிச்சம் இருந்தது அச்சுவேலி குணலட்சுமி அக்கா மட்டும்.

"என்ன பிள்ளை, சத்தத்தைக் காணேல்லை?" என்றார் அக்கா. சர்க்கரை வருத்தத்தால் பார்வை மங்கியவர். காதால் கேட்பதற்கு மட்டுமே குழுவுக்கு வருகிறவர்.

"லைன் கட்டாகிட்டுது போலை அக்கா."

கொஞ்ச நேரத்தில் சண்முகநாதன் திரும்பி வந்தார். பௌத்த நூல்களைச் சேர்ந்து வாசிக்கும் அந்தக் குழுவை நடத்துகிறவர். கொடிகாமத்துக்காரர்.

"மன்னிக்கோணும். கரண்ட் போய் வைஃபை நிண்டிட்டுது. இப்ப வந்திட்டுது."

அவருக்குப் பின்னாலேயே கந்தப்பு வந்தார். சீவரத்தினம் வந்தார். இராசம்மா வந்தார். மூவருடைய கமெராவும் மைக்கும் வழக்கம்போல மூடியே இருந்தன.

சண்முகநாதன் விட்ட இடத்திலிருந்து வாசித்தார். பஞ்சசீலத்தில் பொய் சொல்லாமை பற்றிய பகுதி.

ஒரு வீட்டு வைஃபை நின்றால் கனடாவும் கொழும்பும் ஏன் மறைய வேண்டும்? லவீனாவுக்கு உடம்பு எரிந்தது.

கணவன் இறந்து, மகளும் நோர்வேக்குப் போனபின், அவள் வாய் திறந்து கதைப்பது இந்தக் குழுவில்தான். தேவாலயத்து ஆட்களுக்குத் தெரியாமல்தான் சேர்ந்திருந்தாள். துக்கம் பற்றிய அதிகாரம் வாசித்த அன்று, "வீட்டிலை தும்மினால்கூட என்ரை சத்தம் எனக்கே திடுக்கிடுது" என்று சொல்லி அழுதுவிட்டாள்.

உடனே பதில்கள் எழுத்தில் வந்தன. "அழுங்கோ தங்கச்சி, நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறம்" என்று கந்தப்பு. "எனக்கும் அப்பிடித்தான் இருந்தது. அடுத்த கிழமையும் வந்து கதையுங்கோ" என்று இராசம்மா.

இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நம்பித்தானே அழுதாள்!

மறுநாளே கொடிகாமம் பஸ் ஏறினாள். முன்பு புத்தகம் அனுப்பியபோது சண்முகநாதன் உறையில் எழுதியிருந்த விலாசம் அவளிடம் இருந்தது.

கதவைத் திறந்தவர், அவளைக் கண்டதும் வெளிறிப்போனார். உள்ளே சாப்பாட்டு மேசையில் பழைய போன்கள் வரிசையாகச் சார்ஜில் கிடந்தன.

"உதுதானோ கந்தப்பு? உதுதானோ இராசம்மா?"

அவர் தலையைக் குனிந்தார்.

"அவை உண்மையாய் இருந்த ஆக்கள்தான் தங்கச்சி. நீங்கள் வந்து சேர முதலே ஒவ்வொருத்தராய் விட்டிட்டுப் போட்டினம். நேரமில்லையெண்டு சிலர். வேறை குழுவுக்குச் சிலர். கடைசியிலை குணலட்சுமி அக்காவும் நானும்தான்."

"அப்ப நிப்பாட்டியிருக்கலாமே!"

"அக்கா ஒவ்வொரு முறையும் தொடங்கேக்கை, 'ஆர் ஆர் வந்திருக்கினம்?' எண்டு ஆசையாய்க் கேப்பா. அந்த மனுசிக்குக் கண்ணும் இல்லை, வீட்டிலை ஆளும் இல்லை. ஒருத்தரும் வரேல்லை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

"நான் என்ரை மனுசனைப் பற்றி அழுதது ஆருக்கு? உந்தப் போனுகளுக்கோ?"

"எனக்குத்தான். பேர்தான் பொய் தங்கச்சி. எழுதினது பொய்யில்லை. குழுவை விட்டுப் போறதெண்டால் போங்கோ. அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதையுங்கோ."

அவர் ஊற்றித் தந்த தேத்தண்ணியில் சீனி அளவுக்கதிகமாக இருந்தது. லவீனா முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எழும்பினாள்.

அடுத்த வாசிப்பு நாள். போவதா விடுவதா என்று கடைசி நிமிடம்வரை யோசித்தவள், ஒருவாறு இணைந்துகொண்டாள்.

"ஆர் ஆர் வந்திருக்கினம்?" என்று கேட்டார் குணலட்சுமி அக்கா.

சண்முகநாதன் தயங்கினார்.

லவீனா முந்திக்கொண்டாள். "எல்லாரும் வந்திருக்கினம் அக்கா. கந்தப்பு அண்ணை, சீவரத்தினம் அண்ணை, இராசம்மா அக்கா, எல்லாரும்."

சண்முகநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு வாசிக்கத் தொடங்கினார். அன்று அவருடைய குரலில் புதிதாக ஒரு தெம்பு இருந்தது. இடையில் ஒரு பகடிகூட விட்டார்.

வாசிப்பு முடிந்த கையோடு லவீனாவின் போன் அடித்தது. குணலட்சுமி அக்கா.

"பிள்ளை, நீர் கொடிகாமம் போனனீரோ?"

லவீனாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அவர் சொன்னவரோ அக்கா?"

"அவர் ஏன் சொல்லுறார்? வழக்கமாய் அந்தப் பேருகளை அவர்தான் சொல்லுறவர். இண்டைக்கு நீர் சொன்னீர்."

"இல்லை அக்கா, அவை உண்மையாய்..."

"எனக்குப் பொய் சொல்லாதையும்." அக்கா மெல்லச் சிரித்தார். "கந்தப்பு விலகின அண்டைக்கே எனக்குப் போன் எடுத்தவன். மற்றவையும் என்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போனவை."

"தெரிஞ்சுகொண்டோ ஒவ்வொரு கிழமையும் ஆர் ஆர் வந்திருக்கினமெண்டு கேக்கிறனீங்கள்?"

மறுமுனையில் எங்கேயோ ஒரு சைக்கிள் மணி கேட்டது.

"மனுசி செத்த பிறகு சண்முகநாதன் ஒருத்தரோடையும் கதைக்கிறேல்லை பிள்ளை. எனக்காகத்தான் வாசிக்கிறன் எண்டு நினைச்சுக்கொண்டு அந்த மனுசன் வாரத்திலை ஒருக்கால் வாய் திறக்குது. எனக்குத் தெரியுமெண்டு அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்."