நாற்பதைத் தாண்டாத முள்

ரயிலுக்கு இன்னும் முப்பத்தெட்டு நிமிஷம் இருந்தது. என் புது ஃபியட்டுக்கு வெளியே மெக்கானிக் கிளாரன்ஸின் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன.

"கெழட்டு மீட்டரைப் புத்தம் புதுக் காருல சொருவறியே தாமு, உனக்கு இன்னா பைத்தியமா?" என்றான் டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து.

பைத்தியம் இல்லை. திட்டம்.

போன மாசம் வரை நான் டாக்சி ஓட்டியது முப்பத்தெட்டாம் வருஷத்து ஆஸ்டினில். அதன் ஸ்பீடாமீட்டர் மைல் கணக்கு. ஃபியட்டில் கிலோமீட்டர்.

என் அப்பாவுக்கு, அதாவது எங்கள் நைனா துளசிராமனுக்கு, இரண்டும் ஒன்று. தங்கச் சுரங்கத்தில் முப்பது வருஷம் வைண்டிங் இன்ஜின் டிரைவராக இருந்து, ஷாஃப்டுக் குழியில் கேஜ் கூண்டைக் கயிற்றில் இறக்கி ஏற்றியவர். கேஜில் கல் வந்தால் ஒரு வேகம், ஆள் வந்தால் அதைவிடக் குறைந்த வேகம். டயலை விட்டுக் கண் நகராது.

ரிடையர் ஆகியும் வேலையை விடவில்லை. வீட்டு மனுஷர்கள் காரில் ஏறினால் முன் சீட் அவருடையது. சுரங்கத்து மணிக் கணக்குப்படி, ஆள் ஏறியாச்சு என்று டேஷ்போர்டை மூன்று தட்டு தட்டுவார். அப்புறம்தான் வண்டி நகரலாம். முள் நாற்பதைத் தாண்டக் கூடாது.

ஆஸ்டினில் நாற்பது நல்ல வேகம். ஃபியட்டில் நாற்பதில் போனால் சைக்கிள்காரன் மணியடித்து வழி கேட்பான்.

போன திங்கட்கிழமை அப்படி ஊர்ந்து போய், பங்காருபேட்டை ஸ்டேஷனுக்குள் நாங்கள் ஓடியபோது ரயிலின் கடைசிப் பெட்டிதான் கண்ணில் பட்டது. தங்கை பத்மா பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். வேலூரில் நர்ஸ் படிப்பு. கெஞ்சிக் கடிதம் போட்டதில் ஒரு வாரம் தவணை கிடைத்தது. இன்று மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் அவளுடைய இடம் இன்னொருத்திக்கு.

அன்றைக்கு நைனா மட்டும் நிதானமாக ஒரு பன் வாங்கித் தின்றார்.

அதனால்தான் ஆஸ்டினின் டயல்கள் ஃபியட்டுக்கு இடம் மாறின. முள் அதே நாற்பதில் நிற்கும், வண்டி அறுபது கிலோமீட்டருக்கு மேல் ஓடும். சந்தேகம் வரக் கூடாதென்று ஆயில் மீட்டர், ஆம்பியர் மீட்டர் இரண்டும் துணைக்கு. அவை சும்மா அலங்காரம்.

கிளாரன்ஸ் ஒருவழியாக வெளியே வந்தான். "கேபிள் நட்டுக்கு மரை சரியாப் புடிக்கல. மெதுவாப் போனா நிக்கும்."

மெதுவாகப் போவதற்கா இதை மாட்டினேன்?

ராபர்ட்சன்பேட்டையை விட்டுக் கிளம்பும்போது பதினெட்டே நிமிஷம். பின் சீட்டில் பத்மா, மடியில் டிரங்குப் பெட்டி. நைனா புது இடத்தில் உட்கார்ந்திருந்த பழைய டயலைப் பார்த்தார்.

மூன்று தட்டு.

முள் ஏறியது. முப்பது. முப்பத்தைந்து. நாற்பது. மரங்கள் பின்னால் ஓடின. நைனாவின் கண் டயலில். திட்டம் பலித்துவிட்டது!

பாலகாட் சுரங்கம் தாண்டி ரோட்டில் ஒரு குழி.

டக்.

முள் சரிந்து பூஜ்யத்தில் விழுந்தது.

கார் பறந்துகொண்டிருக்கிறது, முள் படுத்துக் கிடக்கிறது. நிறுத்து என்பார். நிறுத்தினால் தீர்ந்தது. பின்னால் பத்மா டிரங்குப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

நைனா கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி முனையில் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடியும் டயலைப் பார்த்தார்.

"நாப்பதுலதான் கீது. போ."

போனேன்.

ரயில் நின்றுகொண்டிருந்தது. பத்மா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நைனா கடைக்குப் போய்விட்டு வந்தார். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே ஒரு பன் உள்ளே போனது.

"காட்பாடில எறங்கறதுக்குள்ள துன்னுடு. பசியோட போய் நிக்காத."

கடைசிப் பெட்டி மறையும் வரை அவர் நகரவில்லை.

திரும்பி வந்து காரில் உட்கார்ந்து மூன்று தட்டுக்காகக் காத்திருந்தேன். அவர் தட்டவில்லை. குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டார். பார்க்காமலே துழாவி, கழன்று தொங்கிய கேபிளைப் பிடித்து, நட்டை நாலு சுற்று இறுக்கினார்.

"நைனா, முள்ளு…"

"மைலுக்கும் கிலோமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாதவன் கையிலயாடா முப்பது வருஷம் அத்தினி பேரு உசுரைக் குடுத்து வெச்சிருந்தாங்க?"

அப்படியானால் போன திங்கட்கிழமை ரயிலைத் தவறவிட்டது தெரிந்தேவா?

அன்றைக்கு அவர் நிதானமாகத் தின்ற பன் ஞாபகத்துக்கு வந்தது.

மூன்று தட்டு.

"மெதுவாவே போ. இப்ப இன்னா அவசரம்?"

முள்ளைப் பத்தில் வைத்தேன். ஊர் வரைக்கும் சைக்கிள்காரர்கள் மணியடித்து எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள்.