சவுக்குத் தோப்பில் பொது அறிவுப் போட்டி

கடைசிக் கேள்வி கம்ப்யூட்டரைப் பற்றியது என்று மைக்கில் சொன்னதும் வச்சலா தலையைக் குனிந்துகொண்டாள்.

மாமல்லபுரம் சவுக்குத் தோப்பில் கூடியிருந்த ஆபீஸ் கும்பல் ‘ஊ’ என்று கூச்சல் போட்டது. செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து உல்லாசப் பயணம் வந்த இடத்தில், பூரிக்கிழங்கு தின்ற கையோடு ஒரு பொது அறிவுப் போட்டி. நடத்துகிறவர் மெட்ராஸ் தலைமை ஆபீஸ் அதிகாரி செங்கல்வராயன். அந்தத் தலைமை ஆபீஸ்தான் கணக்குப் பிரிவுக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறது என்று பேச்சு. எழுபத்தெட்டாம் வருஷம் அது. மிஷின் வந்தால் யார் யார் சீட்டு கிழியுமோ என்று ஆபீஸே வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தது.

ஒரு மேஜையில் வச்சலாவின் அணி, எதிர் மேஜையில் யூனியன் செயலாளர் காசிநாதனின் அணி. கம்ப்யூட்டர் என்று யாராவது வாயைத் திறந்தாலே மேஜையைக் குத்துகிற மனிதர் அவர். அந்த மிஷினைக் கற்றுக்கொள்கிறவன் நம்ம சோற்றில் மண்ணைப் போடுகிறவன் என்று தீர்மானமே நிறைவேற்றி வைத்திருந்தார். கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனான் என்று தெரிந்து கணக்குப் பிரிவு குமாஸ்தா தாமோதரனை யூனியனைவிட்டே தள்ளினார்கள். கேட்க நாதியில்லாதவனை நிர்வாகம் நாக்பூருக்குத் தூக்கியடித்தது.

வச்சலாவும் வகுப்புக்குப் போகிறாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் அச்சரப்பாக்கத்தில் சித்தி வீடு என்று சொல்லிவிட்டு, மெட்ராஸ் ரயிலில் ஏறிவிடுவாள். புருஷன் இறந்ததற்காகக் கருணை காட்டிக் கொடுத்த வேலை இது. ஆட்களைக் குறைத்தால் முதலில் கழிப்பது தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் படுத்த படுக்கையாய் மாமியார், பள்ளிக்கூடம் போகிற இரண்டு பெண்கள். அவள் என்ன, ஆசைக்கா போகிறாள்? பயத்துக்குப் போகிறாள்.

அந்தப் பயத்துக்குமேல் இன்னொரு பயம் இன்று காலையில் சேர்ந்துகொண்டது. பஸ்ஸில் காசிநாதன் பக்கத்து சீட்டிலிருந்து மெதுவாகக் கேட்டார்.

“ஏம்மா, போன ஞாயித்துக்கிழம மெட்ராஸ் வண்டில உன்னியப் பாத்தேனே. சித்தி வூடு அச்சரப்பாக்கம்னு இல்ல சொன்ன?”

அது வேறு யாராவது இருக்கும் என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியவள்தான். மாமல்லபுரம் வரைக்கும் திரும்பவில்லை.

போட்டிக் கேள்விகள் இதுவரை தென் அமெரிக்காவையே சுற்றியதால் பிழைத்தாள். கடலே இல்லாத இரண்டு நாடுகள் எவை என்றதும் பொலிவியா, பராகுவே என்று பட்டென்று சொன்னாள். காசிநாதனும் லேசுப்பட்டவர் இல்லை. பொலிவியாவின் தலைநகரம் லா பாஸ் என்று அதிகாரி சொல்லப்போக, சட்டப்படி தலைநகரம் சூக்ரே, லா பாஸில் அரசாங்கம் மட்டும்தான் நடக்கிறது என்று மல்லுக்கு நின்று மதிப்பெண்ணைப் பிடுங்கிக்கொண்டார். தப்பைத் தப்பென்று சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

இப்போது இரண்டு மேஜையும் சமம். மிச்சம் ஒரே கேள்வி.

அதிகாரி அட்டையைப் பார்த்துப் படித்தார். “சம்பளப் பட்டியல் மாதிரி ஆபீஸ் கணக்குக்குன்னே உண்டாக்கின கம்ப்யூட்டர் மொழி எது? வச்சலா மேஜைக்கு.”

கோபோல். கேள்வி முடியும் முன்னே விடை அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

பக்கத்தில் இருந்த டைப்பிஸ்ட் ரத்னா தொடையைக் கிள்ளினாள். “தெரிஞ்சா சொல்லுக்கா. பரிசு எவர்சில்வர் குடம் நம்முளுதுதான்.”

வச்சலா எதிர் மேஜையைப் பார்த்தாள். காசிநாதன் கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். தெரிந்தும் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று அதிகாரி வேறு சிரித்துக்கொண்டே போட்டு வாங்கப் பார்த்தார். அவளுக்கு நாக்பூர் கண்ணில் தெரிந்தது.

“தெரியாது சார்.”

கேள்வி எதிர் மேஜைக்குப் போனது. காசிநாதன் எழுந்தார்.

“எனக்கும் தெரியாது சார். எங்கள்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சிக்கவும் மாட்டோம். இன்னா தோழர்களே?”

தோப்பே அதிரும்படி கை தட்டினார்கள். எல்லாரையும்விடப் பலமாகத் தட்டியவள் வச்சலாதான். தட்டுகிற கையைப் பார்க்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

அதிகாரி பொறுமையாகச் சத்தம் அடங்கும்வரை காத்திருந்தார்.

“சரி, யாருக்கும் தெரியலைன்னா விடையை நானே சொல்லிடறேன். ஃபோர்ட்ரான்.”

தப்பு. யார் எழுதிக் கொடுத்த அட்டையோ, சுத்தமாகத் தப்பு. வச்சலா உதட்டைப் பல்லால் கடித்துக்கொண்டாள். வாய்வரை வந்ததை விழுங்கினாள், கண்ணில் நீர் கட்டிவிட்டது. இன்னும் ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், தப்பித்துவிடலாம்.

அதிகாரி அட்டைகளை அடுக்க ஆரம்பித்தார். நாற்காலி ஒன்று மணலில் சாய்ந்தது. காசிநாதன் விடுவிடுவென்று போய் மைக்கைப் பிடித்தார்.

“இன்னா சார் நீங்க, ஃபோர்ட்ரான் விஞ்ஞானக் கணக்குக்கு. ஆபீஸ் கணக்குக்குக் கோபோல்தான். எங்க வாத்தியார் மொத நாள் கிளாஸ்லயே சொல்லிட்டாரே.”